ஒரு சட்டிச் சாந்து

பெட்டி மூன்று தடவை அலறிவிட்டு அடங்கியது. பூச்சுக்காரர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொள்வது போலச் சற்று இருந்துவிட்டு அது மறுபடியும் மூன்று தடவை அலறியது.

உள்ளே காற்றாடி சுற்றியது. முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் உயிரோடுதான் இருந்தது. திரை மட்டும் தார் பூசின பலகை மாதிரி கிடந்தது. திரையின் முதுகில் உள்ளங்கையால் தட்டினார். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார். அணைத்துப் போட்டார். கீங், கீங், கீங்.

தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மச்சான் புரண்டார். கிடங்கு ஒன்றில் இராக்காவல் அவருக்கு. உலகம் எழுந்திருக்கும்போது படுக்கிற ஆள். பூச்சுக்காரர் மனைவியின் அண்ணன். இரண்டு ஆண்பிள்ளைகளுமாக ஆக்குவதும் தின்பதுமாக அந்த வீட்டில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்ள, காலங்காத்தால கழுத்தறுபட்ட சேவல் மாதிரி?"

"நான் இல்ல மச்சான். கம்ப்யூட்டரு. படம் வர மாட்டேங்குது."

துணி விலகியது. மச்சானின் தலை மட்டும் வெளியே வந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா."

"எனக்குத் தெரியாதா?"

"பன்னெண்டு மணிக்கு அவ வந்து உக்காருவாளே."

"அதத்தான் எனக்குச் சொல்லிக் குடு. வேற எதுவும் எனக்குத் தெரியாது பாரு."

மச்சான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வெளியே மழை நாலாம் நாளாக ஒரே குரலில் பெய்துகொண்டிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், பேர் வாயில் நுழையாத ஓர் ஊரில், படுக்கையோடு கிடக்கும் ஒரு கிழவியைக் குளிப்பாட்டித் துடைத்துச் சோறூட்டுகிற வேலை அவர் மனைவிக்கு. போய் இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆகிவிட்டது. அந்த வீட்டுப் போனுக்கு வெளியாள் கூப்பிடக் கூடாது. அவளிடம் கைப்போன் கிடையாது. இருந்தாலும் கைப்போனில் முகம் தெரியாத காலம் அது. வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்காரர்கள் வெளியே போய்விடுவார்கள், கிழவி தூங்கும். இந்த ஊர் மணிக்குப் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்காரலாம். அரைமணி கழிந்தால் கிழவிக்கு மருந்து நேரம்.

அந்த அரைமணிக்காகப் பூச்சுக்காரர் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போவதில்லை. குளித்து, சலவைச் சட்டை போட்டு, பதினொன்றரைக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். படம் வரும், உதடு முதலில் அசையும், குரல் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அவர் பேசுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். அவளுடைய இடது தோளுக்கு மேலே சுவரில் ஒரு விரிசல். மயிரிழை மாதிரி இருந்தது இரண்டு வருஷத்தில் ஒரு சாண் இறங்கியிருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஒரு கரண்டிச் சாந்தும் ஈரத்துணியும் கையுமாக அந்தச் சுவர் முன்னால் போய் நிற்க வேண்டும், வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்கு இருக்கும். கப்பல் ஏறிப் போய் விரிசல் அடைக்கிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்டா என்று தன்னையே வைதுகொள்வார்.

இருவரும் ஒரே சாரத்தில் சேர்ந்தவர்கள். அவர் பூசுவார், அவள் கலவை போட்டுச் சட்டியில் அள்ளித் தருவாள். மணலைக் கையில் பிடித்து விட்டாலே போதும், எத்தனை தண்ணீர் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பூச்சு பிறகு பொருக்காகக் கழன்று விழும். அதனால் முந்தின நாளே சுவரைக் குளிப்பாட்ட வேண்டும். "சுவரை நனைச்சாச்சா?" என்பதுதான் கல்யாணமான புதிதில் அவள் அவரிடம் அதிகம் பேசிய பேச்சு. அவர் மறந்துபோவார். அவளே வாளியைத் தூக்குவாள்.

ஊர்ச் சுவரையெல்லாம் பூசினவர் வீட்டில் சுவர் இன்னும் செங்கல்லாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு அறையை முடிக்கத்தான் அவள் கப்பல் ஏறினாள். அனுப்பினதில் கூரை ஏறியது, தரை வந்தது. சிமெண்டு மூட்டைகளும் வந்து மூலையில் அடுக்கிக் கிடந்தன. ஆனால் பூச்சில் அவர் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நல்ல சித்தாள் கெடைக்கல" என்பார்.

போன வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்: "ஒப்பந்தம் முடியப் போகுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கறியான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"உன் இஷ்டம்," என்றார்.

அவர் இப்படிச் சொல்வது இது மூன்றாவது தடவை. வா என்றால் வீடு பாதியில் நின்றது தன்னால் என்றாகும். இரு என்று சொல்ல நாக்கு புரளாது. அதனால் இஷ்டம்.

அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "இஷ்டம் இஷ்டம்னு எல்லாக் கல்லையும் என் தலையில வைக்காதீங்க. அடுத்த சனிக்கிழமை கையெழுத்து. அடுத்த வெள்ளிக்குள்ள யோசிச்சு, வர்றதா இருக்கறதான்னு உங்க வாயால சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் போட்டுருவேன்."

ஏழு நாள் சாரத்தின் மேல் நின்று யோசித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கரண்டியைக் கழுவும்போது முடிவு வந்துவிட்டது. ஒற்றைச் சொல். அதை வாயில் வைத்துக்கொண்டு தூங்கி, விடிந்து எழுந்து வந்து பொத்தானை அழுத்தினால், இந்தச் சனியன் அலறுகிறது.

அவருக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. மச்சானிடம் சொல்லவில்லை. துணியை இழுத்துவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பட்டைகள் இரண்டு, சீப்பு மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவற்றின் இடுக்கில் நாலாக மடித்த சிமெண்டுப் பைக் காகிதம் ஒன்று இருந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் அவர் வைத்தது. தெருவில் லாரி போனால் படம் உறைந்துவிடுகிறதே என்று திறந்து பார்த்தபோது ஒரு பட்டை லேசாக ஆடியது. கதவு நிலை ஆடினால் ஆப்பு வைக்க வேண்டியதுதானே? வைத்தார். நன்றாகத்தான் ஓடியது. இப்போது காகிதம் மழை ஈரம் குடித்து ஊறின பருப்பு மாதிரி உப்பியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டியை மூடி, பிளாஸ்டிக் சாக்கில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கினார்.

நெட்கடை அக்காவுக்கு இப்போது நெட்கடை கிடையாது. கடையை மூடினபோது அந்த அறையைச் செருப்புக்கடைக்குப் பூசிக் கொடுத்தது பூச்சுக்காரர்தான். கூலிக்குப் பதிலாகத்தான் இந்தப் பெட்டி வந்தது. அக்கா செருப்புக்கடைக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற இடத்தில் மேசை போட்டு ரிப்பேர் பார்த்தாள். பேர் மட்டும் பழைய பேரே ஒட்டிக்கொண்டது.

"என்ன மேஸ்திரி, பிரேதம் மாதிரி தூக்கிட்டு வர்றீங்க?"

"மூணு மூணு தடவை கத்துது அக்கா. படம் இல்ல. பன்னெண்டு மணிக்குள்ள வேணும்."

"கத்துதா? அப்ப நல்லது. கத்தாமச் செத்தாத்தான் கஷ்டம். ரேம் இல்லைன்னு கத்துது."

"இருக்கே?"

"இருக்கறது உங்களுக்குத் தெரியுது. அதுக்குத் தெரியல." அக்கா பட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியோரம் தங்க நிறத்தில் பல்வரிசை. "ரேம்ங்கறது உங்க சாந்துச் சட்டி மேஸ்திரி. கிடங்குல எத்தனை மூட்டை இருந்தா என்ன? சட்டியில அள்ளிக் கொண்டுவந்து வெச்சாத்தான கரண்டி எடுக்கும்? சட்டியக் காணோம்னா கொத்தன் கத்துவானா மாட்டானா?"

"கத்துவான்," என்றார். அவர் கத்தியிருக்கிறார்.

அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரை எடுத்து அந்தத் தங்கப் பல்லைத் தேய்த்தாள். ரப்பர் கறுத்தது. பட்டை செருகுகிற பள்ளத்தை ஊதினாள். வெள்ளையாகத் தூசி பறந்தது.

"இதென்ன, சிமெண்டு மாதிரி இருக்கு?"

"நான் பார்க்கற வேலை அதுதான அக்கா," என்றார். சட்டைப்பையில் காகிதம் நெஞ்சைச் சுட்டது.

"கட்டடத்துல இருந்து வந்தா கைகால் கழுவிட்டுப் பக்கத்துல போங்க. உள்ள எதையும் தொட்டீங்களா?"

"இல்ல."

அந்த 'இல்ல'யைத்தான் பிறகு அவர் நூறு தடவை நினைத்து நொந்துகொண்டார்.

இரண்டு பட்டையையும் கட்டைவிரலால் அமுக்கினாள். இரண்டு ஓரத்துக் கொக்கியும் டக் டக்கென்று விழுந்தன. பொத்தானைப் போட்டாள். ஒரே ஒரு சின்னக் குரல். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. பூச்சுக்காரருக்கு அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இங்கயே பேசிட்டுப் போகலாம்னா என்கிட்ட லைன் இல்ல. வெட்டி ஒரு வருஷம் ஆச்சு. பத்திரமா எடுத்துட்டுப் போங்க. ஆட்டாதீங்க."

ஆட்டாதீங்க என்ற அந்தச் சொல்தான் வினையாயிற்று. வழியெல்லாம் பள்ளம். முழங்கால் தண்ணீரில் ஒரு தடவை கால் இடறியது. வீட்டுக்கு வந்து சாக்கை உரித்தபோது மணி பத்தே முக்கால். இன்னும் நேரம் இருந்தது. நேரம் இருந்ததுதான் கெடுதல். தோளில் வந்தது குலுங்கியிருக்குமே, பட்டை மறுபடி தளர்ந்திருக்குமே, அவள் பேசும்போது நடுவில் நின்றுவிட்டால்? மனசு அரித்தது. மூலையில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு காய்ந்த காகிதத்தைக் கிழித்தார். பழசு ஈரம் பட்டதால்தானே உப்பியது, இது புதுசு. இந்தத் தடவை எட்டாக மடித்தார். சும்மா ஒரு பிடிமானத்துக்கு. இறங்க மாட்டேன் என்றது. கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினார். எங்கேயோ 'சடக்' என்றது. சேர்ந்துகொண்டது என்று நினைத்தார்.

குளித்தார். சலவைச் சட்டை போட்டார். மச்சான் தூக்கத்தை விட்டுவிட்டுச் சோறு வடித்து இரண்டு முட்டை அவித்து வைத்திருந்தார்.

"தின்னுட்டு உக்காரு மாப்ள. போன வாரம் எளைச்சுட்டீங்கன்னு என் மேலதான் பழி போட்டா."

"இறங்காது மச்சான்."

"என்ன சொல்லப் போற அவகிட்ட?"

பூச்சுக்காரர் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டார். மச்சான் முட்டையை உரித்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்: "அவ கெளம்பினப்ப நான் வழியனுப்ப வரல. காவல்னு சொன்னேன். அன்னிக்கு எனக்குக் காவலே இல்ல."

பதினொன்றரைக்குப் பொத்தானை அழுத்தினார்.

கீங், கீங், கீங்.

சட்டை நனைய, செருப்பு இல்லாமல் அவர் ஓடினதைத் தெருவே பார்த்தது. நெட்கடை அக்கா பையைத் தூக்கிக்கொண்டு குடையோடு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். மூச்சு வாங்கியது. தகட்டைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் அந்தக் காகிதத்தை உருவி, ஒவ்வொரு மடிப்பாக விரித்தாள். மடிப்புக்கு மடிப்பு சாம்பல் பொடி உதிர்ந்தது. கடைசி மடிப்பில் சிமெண்டுக் கம்பெனியின் யானைப்படம் பாதி தெரிந்தது.

"இது யாரு வெச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ஆடுச்சு அக்கா. நிலை ஆடினா ஆப்பு..."

"கத்தவும் முடியல, சிரிக்கவும் முடியல உங்களோட. இது நிலையா? நிலையா இது? ஆப்பு ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கம் பல்லு வெளிய வந்துடும்ல? கொக்கி ஒடிஞ்சு கெடக்கு பாருங்க. பள்ளத்துக்குள்ள ஒரு கை சிமெண்டு. தண்ணி ஊத்தியிருந்தா பூசியே இருக்கலாம்!"

"காலையில கேட்டப்பவே சொல்லியிருக்கணும்," என்றார் அவர்.

"கேட்டேன்ல?"

"வெக்கமா இருந்துச்சு."

மச்சான் குறுக்கே வந்தார். "அக்கா, ஒரு வார்த்தை. அவனை அப்பறம் நான் கட்டி வெச்சு அடிக்கறேன், நீங்களும் கூட வந்து அடிங்க. இப்ப மணி பன்னெண்டு."

பன்னிரண்டு. அங்கே அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள்.

அக்கா பட்டைகளைக் கழற்றினாள். இரண்டையும் தேய்த்தாள். முதல் பட்டையைக் கெட்டுப்போன பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள், அலறியது. இரண்டாவதை அதிலேயே வைத்தாள், அலறியது. "பட்டை மேல தப்பில்ல, பள்ளம்தான் போச்சு," என்றாள். ஊதினாள், தூரிகையால் கிளறினாள். அலறல். பூச்சுக்காரர் சுவரோரமாக நின்று, செங்கல் இடுக்கில் விரல் நுனியை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு பத்து. அந்த விரிசல் சுவருக்கு முன்னால் அவள் யாருமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நல்ல பள்ளம் ஒண்ணுதான் இருக்கு," என்றாள் அக்கா. "ஒரு பட்டைதான் போட முடியும். கேட்டுக்கங்க மேஸ்திரி, ரெண்டு சட்டி தூக்கின வேலைக்கு ஒரு சட்டிதான். மெதுவா எழும். படம் தாங்காது, குரலும் தாங்காது. எழுத்து தாங்கும்."

"முகம் தெரியாதா?"

"தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். ஏழு நாளாகச் சேர்த்து வைத்திருந்தது அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத்தான்.

டக், டக். கொக்கி விழுந்தது. ஒரே ஒரு சின்னக் குரல். வெள்ளை எழுத்து வந்தது. பிறகு எறும்பு மூட்டை தூக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக. சோறு ஆறிக்கொண்டிருந்தது. லைன் கிடைத்தபோது பன்னிரண்டு இருபத்துமூன்று. ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் அவள் எழுதி வைத்திருந்தவை வரிசையாக விழுந்தன.

*இருக்கீங்களா?*

*லைன் போச்சா?*

*ஏங்க?*

*சரி. பதில் இல்லாததும் ஒரு பதில்தான். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். உடம்பைப் பாத்துக்கங்க.*

கடைசி வரி வந்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அவள் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் இருந்தது.

"நகருங்க, சொல்லுங்க, நான் அடிக்கறேன்," என்றாள் அக்கா. "உங்க வேகத்துக்கு..."

"இல்லக்கா. இதை நான்தான் அடிக்கணும்."

அவர் எழுத்துக் கற்றது முப்பத்தாறு வயதில், கட்டட வேலை நடந்த இடத்தில் சாயங்காலம் நடந்த வகுப்பில். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கற்றாள். அவருக்கு முன்னால் படித்து முடித்தாள். இந்தப் பலகையின் விசைகளில் அக்கா ஒட்டிக் கொடுத்த தமிழ் எழுத்துகளில் பாதி அவருடைய விரல் தேய்த்தே அழிந்திருந்தன. நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டுமானால், பெட்டி, மழை, காகிதம், வெட்கம் என்று சாயங்காலம் ஆகிவிடும். அவர் ஒற்றை விரலை நீட்டினார். 'வ' எங்கே இருக்கிறது என்று தேடினார். கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியவில்லை. கிடைத்தது. ஒரு தட்டு. பிறகு கால். இன்னொரு தட்டு.

*வா*

அனுப்பினார்.

பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. இருபத்தாறு. அவள் எழுதுகிறாள் என்று கீழே ஓர் அடையாளம் துடித்தது. நின்றுவிட்டது. மறுபடி துடித்தது. நின்றுவிட்டது. மச்சான் முகத்தைத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அழுவுறாளோ என்னவோ," என்றார். "சின்னதுல இருந்தே அவளுக்கு அழும்போது கை ஓடாது."

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. பிறகு ஒரு வரி வந்தது. பின்னாலேயே பச்சைப் புள்ளி அணைந்தது.

பூச்சுக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. நாற்காலியை விட்டு எழுந்து பின்பக்கம் போனார்.

"என்னன்னு போட்டிருக்கா?" என்று மச்சான் கேட்டார். அவருக்குக் கண் மங்கல்.

அக்கா குனிந்து படித்தாள். "'சுவரை நனைச்சு வைங்க'ன்னு இருக்கு. என்னது இது? வர்றாளா வரலையா?"

மச்சான் அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாற, இருமி அதை மறைத்தார்.

பூச்சுக்காரர் கூரையோரம் மழைத் தண்ணீர் நிரம்பியிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சலவைச் சட்டையோடு.

"டேய் மாப்ள, ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை மாசம் கெடக்கு. இன்னிக்கு நனைச்சா நாளைக்கே காஞ்சிடும்டா."

"காயட்டும். நாளைக்கும் நனைக்கறேன்."

"அந்தப் பெட்டிய மட்டும் ஓரமா வெச்சிட்டு நனைங்க மேஸ்திரி," என்று அக்கா கத்தினாள்.

அவர் குவளையில் மொண்டு, கிழக்குச் சுவரில், மேல் வரியிலிருந்து வீசினார். காய்ந்த செங்கல் 'சுர்'ரென்று குடித்தது. கீழே சொட்ட ஒரு துளிகூட வரவில்லை. இரண்டாவது குவளையையும் குடித்தது. வாளி காலியான பிறகும் சுவரில் பாதிக்குத்தான் நிறம் மாறியிருந்தது. அவர் அடுத்த வாளிக்குப் போனார்.